சாரதிக்கு என்ன கொடுக்கிறோம், அவரிடம் என்ன கேட்கிறோம்?

ஹாலிஎல சந்தியில் கொஞ்ச நேரம் நின்றால் மலைநாட்டு வியாபாரத்தில் பாதி நமது கண்முன்னால் போய்விடும். பேராதனையிலிருந்து நுவரெலியா, வெலிமட வழியாக வரும் ஏ5 வீதியும், பெரகலையிலிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை ஊடாக வரும் ஏ16 வீதியும் சேருகின்ற இடம் இது. வெலிமடை உருளைக்கிழங்கு, பண்டாரவளை மரக்கறி, தோட்டங்களின் தேயிலை, கொழும்பிலிருந்து வரும் சீமெந்து, மா, சீனி எல்லாமே இந்தச் சந்தியைக் கடந்துதான் ஆக வேண்டும். எமது வாப்பா ஒரு பழைய பெட்ஃபோர்ட் லொறியோடு இதே ஊரில்தான் தொழிலை ஆரம்பித்தார்கள். இன்று எம்மிடம் இரண்டு பதினான்கரை அடி கன்டரும் ஒரு சின்ன லொறியும் இருக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ், பெரிய தொழில் அல்ல, ஓடுகிறது.

லொறி வைத்திருக்கும் இரண்டு பேர் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தால் மூன்றாவது நிமிடத்தில் வருகின்ற பேச்சு ஒன்றுதான். "நல்ல ட்ரைவர் ஒருத்தன் கெடைக்கிறானில்ல நானா. வாறவன் எல்லாம் டீசல் அடிக்கிறான், ரெண்டு மாசத்தில வேற எடத்துக்குப் பாயிறான்." நானும் இதைப் பல வருடம் சொல்லித் திரிந்தவன்தான். டீசல் களவு போனது உண்மை, சாரதிகள் விட்டுப் போனதும் உண்மை. ஆனால் அந்தக் களவுக்கான வழியைத் திறந்து வைத்திருந்தது நான் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு விபத்து தேவைப்பட்டது.

அப்போது எமது முறை இதுதான். மாதச் சம்பளம் கிடையாது. கொழும்புக்கு ஓர் ஓட்டம் போனால் இவ்வளவு என்று ட்ரிப் காசு. டீசலுக்கென்று ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுவோம். மிஞ்சினால் சாரதிக்கு, குறைந்தாலும் சாரதிக்கே. வாப்பாவின் காலத்திலிருந்து வந்த ஏற்பாடு. முதலாளிக்குத் தலையிடி இல்லை, கணக்குப் புத்தகம் தேவையில்லை. ஊவாவில் அன்று பலரும் இப்படித்தான் செய்தார்கள், இன்றும் செய்பவர்கள் உண்டு.

2018 இல் ஓர் இரவு வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு எமது லொறி கொழும்புக்குப் புறப்பட்டது. பெரகலையைத் தாண்டி ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. சாரதி புத்தியாக மலைப் பக்கத்துக் கானுக்குள் லொறியை இறக்கிவிட்டார். மறுபக்கம் இறக்கியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கமாட்டேன். உதவியாளர் தம்பிக்குக் கால் முறிந்தது. அதிகாலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சாரதி வாசலில் குந்திக்கொண்டிருந்தார். எட்டு வருடம் எம்மோடு இருந்த மனிதர், ஸ்பிரிங்வெலிப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை. ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார்.

"மொதலாளி, நியூட்ரல்லதான் உட்டேன். பெலிஹுல்ஓயா போறதுக்குள்ள ரெண்டு லீட்டர் மிஞ்சும். முந்தாநாளும் கொழும்பு போய் வந்தேன், சரியா தூங்கல. இந்த மாசம் புள்ளைக்கு ஸ்கூல் செலவு இருக்கு, ட்ரிப்ப விட முடியல."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அவரை நியூட்ரலில் இறங்கச் சொன்னது நான் அல்ல. ஆனால் மிஞ்சுகின்ற டீசல் உனக்கு என்று சொன்னது நான்தான். தூங்காமல் ஓடச் சொன்னதும் நான் அல்ல. ஓடாத நாளுக்கு ஒரு சதமும் இல்லை என்று வைத்தது நான். லொறியை இழுத்து வந்த பின்னர் பண்டாரவளைக் கராஜ் பாஸ் இன்னொன்றும் சொன்னார். செங்குத்தான இறக்கத்தில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் பம்ப் டீசலை அடைத்துவிடுமாம். நியூட்ரலில் விட்டால் இஞ்சின் சும்மா சுழல்வதற்கென்றாவது டீசல் குடிக்குமாம். அந்த இறக்கத்தில் அவர் மிச்சம் பிடித்ததாக நினைத்த இரண்டு லீற்றர்கூட உண்மையில் மிஞ்சியிருக்காது. இதை எட்டு வருடத்தில் ஒருநாளாவது நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேனா?

ஊவாவின் இறக்கங்கள் எப்படிப்பட்டவை என்பதை நாடு முழுதும் பேசிய சம்பவம் ஒன்று பின்னர் நடந்தது. 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மரணித்தனர். அந்தச் செய்தி வந்த இரவு எனது இரண்டு லொறிகள் வீதியில் இருந்தன. இரண்டு சாரதிகளோடும் பேசிய பிறகுதான் படுத்தேன்.

அந்தத் தம்பியின் காலுக்கு வருவோம். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருப்பதை ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன். வேலையில் காயப்பட்டவருக்கு முதலாளி பொறுப்பு. "அவன் கெசுவல் ஆள்", "கடிதம் கொடுக்கவில்லை" என்பதெல்லாம் கதைக்கு உதவுமே தவிர சட்டத்துக்கு உதவாது. ஊழியர் சேமலாப நிதியும் அப்படித்தான். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். ஒரே ஒரு சாரதி இருந்தாலும், அவர் தற்காலிகமாக வந்தவராக இருந்தாலும், ட்ரிப் கணக்கில் கூலி வாங்குபவராக இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். காலம் தாழ்த்தினால் மேலதிகக் கட்டணம் ஏறிக்கொண்டே போய் 50 வீதம் வரை வரும். நமது ஆட்கள் பலர் இதைப் பத்து வருடம் கழித்து, விட்டுப் போன சாரதி தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். அப்போது கட்ட வேண்டிய தொகையைப் பார்த்தால் ஒரு லொறியையே விற்க வேண்டியிருக்கும்.

சட்டத்தின் அடித்தளத்தையும் சொல்லிவிடுகிறேன். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2016 இல் 10,000 ரூபாவாக இருந்தது. 2024 இல் 17,500 ஆனது. 2025 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அந்த வருடம் ஏப்ரல் முதல் 27,000, 2026 ஜனவரி முதல் 30,000. இதற்குப் புறம்பாக மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென்று தனியான சம்பளச் சபையும் உண்டு. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து பத்து நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர, அதுவும் ஊழியரின் சம்மதத்தோடு அல்லாமல், எதையும் வெட்ட முடியாது. "டயர் வெடித்தது, உன் சம்பளத்தில் பிடிக்கிறேன்" என்பது நமது ஊரில் சாதாரணமான பேச்சு. சட்டத்தில் அதற்கு இடமில்லை.

முப்பதாயிரத்துக்கு ஒரு கனரக வாகனச் சாரதி கிடைப்பாரா என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைக்கமாட்டார். அது தரை மட்டும். நியாயமான கூலி எது என்பது வேறு கேள்வி, அதற்கு நான் கண்டுகொண்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டீசலைச் சாரதியின் வருமானத்திலிருந்து முற்றாகப் பிரித்தேன். கணக்கைக் காசாக வைக்காமல் லீற்றராக வைத்தேன். ஹாலிஎலயிலிருந்து கொழும்பு போய்வர ஏறத்தாழ 440 கிலோமீற்றர், எமது கன்டருக்கு பாரத்தோடு சுமார் 75 லீற்றர் போகும். இதைக் காசாகக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை 2022 காட்டித் தந்தது. அந்த வருட ஆரம்பத்தில் ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா. ஜூன் 26 ஆம் திகதி 460 ரூபா. அதாவது ஓர் ஓட்டத்துக்கான டீசல் 9,075 ரூபாவிலிருந்து 34,500 ரூபாவுக்குப் போனது, அதுவும் ஆறு மாதத்துக்குள். கையில் காசு கொடுக்கும் பழைய முறையிலேயே இருந்திருந்தால் ஒன்றில் நான் ஏமாந்திருப்பேன் அல்லது சாரதி பட்டினி கிடந்திருப்பார். பின்னர் கியூஆர் முறை வந்து லொறிக்கு வாரத்துக்கு 50 லீற்றர் என்று ஆனபோது ஓர் ஓட்டமே முழுதாகப் போக முடியவில்லை. எட்டு மணித்தியாலம் எண்ணெய் வரிசையில் நின்ற சாரதிக்கு அந்த எட்டு மணித்தியாலத்துக்கு யார் கூலி கொடுத்தது? பெரும்பாலும் ஒருவரும் கொடுக்கவில்லை. வரிசையில் நிற்பதும் வேலைதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது, ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு மாதச் சம்பளம். இன்று எமது கன்டர் சாரதிக்கு 40,000 ரூபா அடிப்படை. கொழும்பு ஓட்டம் ஒன்றுக்கு 3,500 ரூபா ட்ரிப் காசு. மாதத்தில் எட்டு ஓட்டம் என்றால் 28,000. ஆக 68,000. சேமலாப நிதிக்கு அவருடைய 8 வீதமான 5,440 போக, கையில் 62,560 ரூபா. எனது பக்கத்தில் 15 வீதம், 10,200 ரூபா சேர்ந்து 78,200 ரூபா செலவு. வழிச் சாப்பாடு, இரவு தங்கும் செலவு வேறு. பழைய முறையில் இதைவிடக் குறைவாகத்தானே போனது என்று மச்சான் ஒருவர் கேட்டார். போனது குறைவுதான். ஆனால் வருடத்துக்கு மூன்று சாரதி மாறியதையும், புதியவர் ஒவ்வொருவரும் கிளட்ச் பழகும் வரை போன செலவையும், கானுக்குள் விழுந்த லொறியையும் நான் ஒருநாளும் அந்தக் கணக்கில் எழுதியதில்லை.

மாதத்தில் எட்டு ஓட்டத்துக்கு மேல் நான் கேட்பதில்லை, அவராகக் கேட்டாலும் கொடுப்பதில்லை. ட்ரிப் காசு முழு வருமானமாக இருந்தால் மனிதன் தூக்கத்தை விற்கத் தொடங்குவான். உலகத்தில் வேறு இடங்களிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 ஆம் ஆண்டின் 561 ஆம் இலக்க ஒழுங்குவிதி, வீதிப் பாதுகாப்புக்கு ஆபத்து வருகின்ற விதத்தில் தூரத்தையோ பாரத்தையோ வைத்துச் சாரதிக்குக் காசு கொடுப்பதைத் தடை செய்கிறது. நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். இந்தியாவில் 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்று வைத்தது; அதை அங்குள்ள லொறிக்காரர் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. அமெரிக்காவில் ஜே.பி. ஹன்ட் என்ற பெரிய லொறிக் கம்பனி 1997 இல் சாரதிகளின் கூலியைச் சுமார் மூன்றில் ஒரு பங்கால் உயர்த்தியது. மைக்கேல் பெல்ஸர் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் அந்தக் கம்பனியின் கணக்குகளை ஆராய்ந்தபோது, விட்டுப் போகின்ற சாரதிகளின் தொகையும் விபத்துகளும் குறைந்திருந்தன. மூன்று லொறிக்காரனான எனக்கும் ஆயிரக்கணக்கான லொறி உள்ள கம்பனிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். தூக்கம் எல்லோருக்கும் ஒன்றுதானே.

ட்ரிப் காசைக் கிலோமீற்றர் கணக்கில் வைக்காதீர்கள், அதில் நான் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன். பதுளையிலிருந்து பிபிலை, மஹாஓயா வழியாகச் செங்கலடிக்குப் போகும் வீதியில் மலை இறங்கிய பிறகு நேரான ஓட்டம். ஆனால் தோட்டத்துக் கல் ரோட்டில் உரம் இறக்கப் போனால் இருபத்தைந்து கிலோமீற்றருக்கு அரை நாள் போய்விடும், லொறியும் ஆளும் குலுங்கி வருவார்கள். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று நான் வைத்த மாதத்தில் ஒரு சாரதியும் தோட்டத்துப் பக்கம் போக விரும்பவில்லை. அவர்கள் மேல் பிழை இல்லை. இப்போது பாதை பாதையாக விலை எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். கூலி இன்னதென்று வேலை தொடங்குமுன் இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது நமது மார்க்கச் சட்டத்தில் மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம். ஆனால் எத்தனை பேரிடம் அந்தத் தாள் இருக்கிறது?

இனி, நாம் எதைக் கேட்கலாம் என்பது. கூலியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறோம். தோட்டத்தில் இதை நாம் கண்ணால் கண்டோம். பல வருடப் போராட்டத்தின் பின் 2021 இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வந்தது. வந்தவுடன் எத்தனை கிலோ பறித்தால் ஒரு பேர், எத்தனை கிலோ குறைந்தால் அரைப் பேர் என்ற தகராறு தொடங்கிவிட்டது. கூலியைச் சொல்லி வேலையின் அளவைச் சொல்லாவிட்டால் பாதிதான் பேசியிருக்கிறோம்.

நான் கேட்பவை அதிகமில்லை. புறப்படுமுன் டயர், பிரேக், தண்ணீர், விளக்குப் பார்க்க வேண்டும். டீசல் பற்றுச்சீட்டு வேண்டும். வழியில் ஆள் ஏற்றவோ வேறு சாமான் ஏற்றவோ கூடாது. கீறல் விழுந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால் சம்பளத்தில் கைவைக்கமாட்டேன். பெரகலை இறக்கத்தில் கியரில்தான் இறங்க வேண்டும். கேட்கக் கூடாதவை என்று எனக்கு நானே எழுதி வைத்ததுதான் கொஞ்சம் நீளம். ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கின்ற பாதையில் இரவு பத்து மணிக்குப் பாரம் ஏற்றிக் கொடுத்துவிட்டு, விடிய நாலு மணிக்குப் பெலியகொடை மெனிங் சந்தையில் நிற்கச் சொல்லக் கூடாது. புறப்படும் நேரம் எனது பொறுப்பு. அளவுக்கு மேல் பாரம் ஏற்றச் சொல்லக் கூடாது. வேகத்துக்கு வருகின்ற தண்டப்பணம் சாரதியுடையது, பாரத்துக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கும் எரியாத விளக்குக்கும் வருவது என்னுடையது. நோன்பு மாதத்தில் நோன்பு பிடிக்கும் சாரதிக்குப் பகல் நீண்ட ஓட்டம் கொடுப்பதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வெசாக்குக்கும் உரியவர்கள் வீட்டில் இருப்பார்கள். அந்த நாட்களை வருட ஆரம்பத்திலேயே குறித்துக்கொள்கிறோம்.

முற்பணம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு இலட்சம், இரண்டு இலட்சம் கடன் கொடுத்துச் சாரதியைக் கட்டி வைப்பது நமது தொழிலில் ஒரு தந்திரமாகவே இருக்கிறது. கடன் தீராமல் அவரால் விட்டுப் போக முடியாது. எமது சாரதிகளில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களுடைய பூட்டன்மார் கங்காணியின் கடனால்தான் தோட்டத்தோடு கட்டுண்டு கிடந்தார்கள். அந்தக் கடனை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, அதைத் தீர்க்கின்ற தோட்டத்துக்கு ஆளையும் மாற்றினார்கள். துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. கலியாணம், நோய் என்று தேவை வந்தால் கடன் கொடுக்கிறேன், ஆனால் அவர் நாளைக்கு விட்டுப் போனாலும் தவணையாகக் கட்டலாம் என்று எழுதியே கொடுக்கிறேன். ஒருவர் அப்படிப் போனார், பாதியைக் கட்டினார், மீதி வரவில்லை. அது நட்டம்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது இந்த ஏற்பாடு எல்லாம் சோதனைக்கு வந்தது. பதுளை மாவட்டத்தில் எங்கு பார்த்தாலும் மண்சரிவு, வீதிகள் மூடின, ரயில் பாதையும் துண்டானது. எமது ஒரு லொறி பலாங்கொடையில் நின்றுவிட்டது, மற்றவை வீட்டில். ஹயர் இல்லை, லீசிங் தவணை மட்டும் நிற்கவில்லை. அடிப்படைச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்தேன், ட்ரிப் காசு இல்லை. பலாங்கொடையில் நின்றவருக்கு நாள் செலவு கொடுத்தேன். அந்த மாதம் எனக்குக் கையிலிருந்து போனது. சந்தோசமாகக் கொடுத்தேன் என்று சொன்னால் பொய். இரண்டு இரவு கணக்குப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். ஆனால் பாதை திறந்த அன்று மூன்று சாரதிகளும் வேலைக்கு வந்தார்கள். பக்கத்து ஊரில் சில லொறிகள் சாரதி இல்லாமல் பின்னும் நின்றன.

இதைப் படிப்பவர்களில் லொறி வைத்திருப்பவரைவிட லொறி பிடிப்பவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தெரியும். உங்களிடமும் ஒரு விடயம். சாமான் இறக்க ஆள் இல்லை என்று லொறியைக் கடை வாசலில் ஆறு மணித்தியாலம் நிறுத்தி வைக்கிறீர்களே, அந்த நேரம் சாரதியின் தூக்க நேரம். நாங்கள் இப்போது முதல் மூன்று மணித்தியாலத்தை ஹயருக்குள் வைத்து, அதற்குப் பின் மணித்தியாலத்துக்கு ஒரு தொகை பில்லில் போடுகிறோம், அதில் பாதி சாரதிக்கும் உதவியாளருக்கும். இரண்டு வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு வேறு லொறிக்குப் போனார்கள், ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறக்குவதற்கு ஆளை முன்கூட்டியே பிடித்து வைக்கப் பழகிவிட்டார்கள்.

கால் முறிந்த தம்பி இப்போது சின்ன லொறியை ஓட்டுகிறார். கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கான ஓட்டத்துக்கு அவருடைய ட்ரிப் காசு இன்னும் முடிவாகவில்லை. அவர் 1,800 கேட்கிறார், நான் 1,500 என்கிறேன். "அங்க வரிசையில நிக்கிற நேரத்தையும் எண்ணிப் பாருங்க நானா" என்று போன வாரம் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.